கோலாலம்பூர், பினாங்கு நாட்குறிப்பு: எந்தத் தகவலை யாரிடம், எப்போது சரிபார்ப்பது

புறப்படும் முன்

இந்தியப் பாஸ்போர்ட்டில் மலேசியா வர விசா வேண்டுமா என்று இணையத்தில் தேடினால் மூன்று பதில் கிடைக்கும். ஒன்று ஈ-விசா எடுக்கச் சொல்லும். இன்னொன்று 'என்ட்ரி' என்ற இணையப் பதிவு போதும் என்னும். மூன்றாவது எதுவும் தேவையில்லை என்னும். எழுதப்பட்ட காலத்தில் மூன்றும் சரியாகவே இருந்தன. இப்போது செல்லுபடியாவது மூன்றாவது மட்டும்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து தங்கலாம். முதலில் 2024 கடைசி வரை என்று அறிவித்த இந்தச் சலுகை பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. எனவே 2027 தைப்பொங்கலுக்கு வர நினைப்பவர் டிக்கெட் எடுக்கும் முன் மறுபடி பார்த்தாக வேண்டும்.

இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரப்போகும் கேள்வி ஒன்றுதான்: இந்த விதியை முடிவுசெய்பவர் யார்? விசாவை முடிவுசெய்வது குடிநுழைவுத் துறை. ரயில் நேரத்தை முடிவுசெய்வது கேடிஎம் ரயில் நிறுவனம். சுற்றுலா வரியை வசூலிப்பது சுங்கத்துறை. பினாங்கு விடுதிகளில் வாடகைக்கு மேல் வாங்கும் மாநிலக் கட்டணத்தை முடிவுசெய்வது மாநில அரசு. பயண எழுத்தாளர், முகவர், உறவினர், உரையாடல் செயலி என்று மற்ற எல்லாரும் கேட்டதைத் திருப்பிச் சொல்பவர்களே. அவர்கள் சொல்வது வழிகாட்டும். ஆனால் பணம் கட்டும் முன் முடிவெடுப்பவரின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒரு தாளிலோ எக்செல்லிலோ ஐந்து பத்தி போடுங்கள்: விஷயம், தகவல், எங்கே பார்த்தது, பார்த்த தேதி, மறுபடி பார்க்க வேண்டிய தேதி. கடைசிப் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விசா விதியை டிக்கெட் வாங்கும் முன்பும் புறப்படும் வாரத்திலும் பார்த்தால் போதும். ரயில் நேரத்தை முன்பதிவின்போதும் முந்தைய நாள் மாலையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு முன் ஒரே உட்காரலில் தேடி முடித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவதுதான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர்.

ஒரு பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கும்போது அடியில் இருக்கும் பதிப்புரிமை ஆண்டை நம்ப வேண்டாம். அது பல தளங்களில் ஒவ்வொரு ஜனவரியிலும் தானாக மாறிக்கொள்ளும். தலைப்பில் '2026 வழிகாட்டி' என்று போட்டிருப்பதும் சாட்சியாகாது. உள்ளே ஊபர் கூப்பிடச் சொன்னால் அந்தப் பகுதி 2018-க்கு முந்தியது. ஊபர் அந்த ஆண்டு தென்கிழக்காசியத் தொழிலை, இன்னொரு வாடகைக் கார் செயலியான கிராபிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. மலிண்டோ ஏர் என்று இருந்தால் 2022 ஏப்ரலுக்கு முந்தியது. இப்போது அதன் பெயர் பாத்திக் ஏர். செல்காம், டிஜி என்று இரண்டு தனித்தனி நிறுவனங்களின் சிம் கார்டை ஒப்பிட்டிருந்தால் 2022 நவம்பருக்கு முந்தியது. இப்படி ஒரு பழைய பெயர் அகப்பட்டாலும் அந்தப் பக்கத்தில் உள்ள விலைகளை எல்லாம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்தது எண்ம வருகை அட்டை, அதாவது எம்டிஏசி. 2024 ஜனவரி 1 முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு இது கட்டாயம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் நிரப்ப முடியாது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையுடையது அல்ல. உண்மையான முகவரி 'கவ் டாட் எம்ஒய்' என்று முடியும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். குடிநுழைவுக்குள் போகாமல் வேறு விமானம் மாறுபவர்களுக்கு இது தேவையில்லை.

நிரப்பும்போது இரண்டு இடத்தில் பிழை வருகிறது. முதலாவது பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப்பெயர் பகுதி காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் வரிசையிலேயே பெயரை எழுதுங்கள். தகப்பனார் பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது தேதி. இரவு பதினொன்றுக்குச் சென்னையில் ஏறினால் கோலாலம்பூரில் இறங்குவது மறுநாள். படிவம் கேட்பது இறங்கும் நாளை. விமானம் தள்ளிப்போய் இறங்கும் நாள் மாறினால் புதிய தேதியோடு மறுபடி நிரப்புங்கள்.

பயணத்தை முதலில் தடுத்து நிறுத்தக்கூடியவர் மலேசிய அதிகாரி அல்ல, சென்னையிலோ திருச்சியிலோ விமான நிறுவனக் கவுண்டரில் இருப்பவர். விமான நிறுவனங்கள் பார்ப்பது அவற்றின் சர்வதேசக் கூட்டமைப்பான அயாட்டாவின் டைமாட்டிக் என்னும் தரவுத்தளம். அதில் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும் என்று இருந்தால் உங்கள் வாதம் அங்கே எடுபடாது. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி இரண்டையும் தாளில் வைத்திருங்கள். விசா இல்லை என்பதற்குக் கேள்வியே இல்லை என்று பொருளில்லை.

நாள் 1: கேஎல்ஐஏ

கேஎல்ஐஏ என்பது கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம். விமான நிலையம் ஒன்று, முனையம் இரண்டு. ஏர்ஏசியா வருவது முனையம் 2. இண்டிகோ, பாத்திக் ஏர், மலேசியா ஏர்லைன்ஸ் வருவது முனையம் 1. 'கேஎல்ஐஏ2' என்று பழைய குறிப்புகளில் இருப்பதுதான் இன்றைய முனையம் 2. இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம், 2 ரிங்கிட்.

முனையம் 1-ல் துணைக் கட்டடத்துக்கும் முதன்மைக் கட்டடத்துக்கும் நடுவே ஓடும் ஏரோடிரெயின் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 ஜூலை 1 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பயணிகள் பேருந்தில் கொண்டுபோகப்பட்டார்கள். அப்போது எழுதப்பட்டவற்றில் 'விமானம் மாற மூன்று மணி நேரமாவது வேண்டும்' என்ற எச்சரிக்கை நிறைய இருக்கும். இன்று அது அதிகம்தான். ஆனாலும் புதிய வண்டியும் அவ்வப்போது நிற்பதுண்டு, அதனால் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

குடிநுழைவில் தானியங்கிக் கதவு வழியாக வெளியேறலாம் என்று படித்திருந்தால், அது எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் இல்லை. நாடுகளின் பட்டியல் கட்டம் கட்டமாக விரிந்திருக்கிறது. உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று வருகை அட்டை நிரப்பும் அன்றே பாருங்கள். இல்லையென்றால் கவுண்டர் வரிசைக்கு நேரம் ஒதுக்குங்கள்.

நகருக்குள் போக கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ். முனையம் 1-லிருந்து கோலாலம்பூரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், முனையம் 2-லிருந்து 33. பெரியவருக்கு 55 ரிங்கிட். 35 ரிங்கிட் என்று எங்கேனும் கண்டால் அது 2016-க்கு முந்திய விலை. நான்கு பேர் சேர்ந்து வந்தால் கிராபில் கார் பிடிப்பதுதான் மலிவு. சாலை நெரிசல் நேரத்தில் ரயில்.

பழைய கைபேசியோடு வருபவர்களுக்கு ஒரு சொல்: மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியில் நிறுத்தப்பட்டது. 4ஜி வழியே குரல் அழைப்பு வராத போனில் இணையம் ஓடும், அழைப்பு தடுமாறும்.

நாள் 2: பிரிக்ஃபீல்ட்ஸ் (கோலாலம்பூரின் லிட்டில் இந்தியா)

மலேசியாவில் உறவினர் இல்லாத தமிழ்நாட்டுக் குடும்பம் குறைவு. 'சித்தப்பாவிடம் கேட்டேன், பஸ் இலவசமாம்' என்று நம்பி வருகிறார்கள். சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது மைகாட் என்னும் மலேசிய அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகனின் விலை. கடந்த சில ஆண்டுகளில் மலேசியாவில் மிக வேகமாக மாறியிருப்பது இதுதான்: ஒரே சேவைக்குக் குடிமகனுக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. இதைப் பல பயணக் குறிப்புகள் இன்னும் பிரித்துச் சொல்வதில்லை.

நகருக்குள் சுற்றும் கோகேஎல் பேருந்து நெடுநாள் எல்லாருக்கும் இலவசமாக ஓடியது. இப்போது மலேசியருக்கு இலவசம், வெளிநாட்டவருக்கு 1 ரிங்கிட். அதையும் ரொக்கமாக அல்ல, டச் அன் கோ போன்ற அட்டையில்தான் கட்ட வேண்டும். ரேப்பிட் கேஎல் பேருந்துகளிலும் ரொக்கம் வாங்குவதில்லை. ஓட்டுநரிடம் தாள் நீட்டினால் இறங்கத்தான் வேண்டும். 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் ரயிலும் பேருந்தும் என்ற மை50 அட்டையைப் பற்றி அத்தை சொல்லியிருப்பார். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். முதல் நாளே ஒரு டச் அன் கோ அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வதே சுற்றுலாப் பயணிக்கு நேரான வழி.

வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் பெட்ரோல் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட் என்பது புடி95 என்ற அரசு மானியத் திட்டத்தில் வரும் மலேசியருக்கான விலை. வெளிநாட்டவர் கட்டுவது மானியமில்லாத விலை. அது வாரந்தோறும் அறிவிக்கப்படுகிறது. உறவினர் தம் மைகாட்டைக் கொடுத்து 'இதைத் தட்டிப் போட்டுக்கொள்' என்றால் மறுத்துவிடுங்கள். அது அவருடைய சலுகை, மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் தொல்லை. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். அதை ஊரிலேயே வாங்க வேண்டும்.

ஆகவே உறவினரிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். 'எவ்வளவு?' என்று கேட்காமல், 'மைகாட் இல்லாதவருக்கு எவ்வளவு, போன மாதம் யாராவது போனார்களா?' என்று கேளுங்கள். சித்தப்பாவுக்கே தெரியாவிட்டாலும் அவர் மலாய் அறிவிப்பைப் படித்துச் சொல்வார். அந்த உதவி விலையைவிடப் பெரியது.

மலாய் அறிவிப்புகளில் நாலைந்து சொல் தெரிந்தாலே பாதி விஷயம் பிடிபடும். 'துதூப்' என்றால் மூடியிருக்கிறது. 'பெஞெலெங்காரான்' என்றால் பராமரிப்பு. 'சூத்தி உமும்' பொதுவிடுமுறை. 'கெமாஸ் கினி' என்று மேலே போட்டிருந்தால் திருத்திய அறிவிப்பு. அரசு நிறுவனங்கள் பல நேரம் தங்கள் இணையதளத்தைத் திருத்தும் முன்பே ஃபேஸ்புக் பக்கத்தில் மலாயில் அறிவித்துவிடுகின்றன. ஆங்கிலப் பக்கம் பிறகுதான் வரும்.

நாள் 3: பத்துமலை

கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகப் பத்துமலை போகிறது. 2015 டிசம்பர் வரை இந்தத் தடத்தின் மறுமுனை போர்ட் கிள்ளான். பிறகு புலாவ் செபாங் பக்கமாக மாற்றப்பட்டது. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு திரும்பும்போது தவறான நடைமேடையில் நிற்கும் குழப்பம் இதனால்தான். ரயில் அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் நீண்ட காத்திருப்பு. கேடிஎம் அட்டவணையில் வார நாள், வார இறுதி இரண்டும் தனித்தனி. எந்த நாளுக்கானது என்று பார்த்து வாசியுங்கள்.

முருகன் சிலை 42.7 மீட்டர், 2006-ல் திறக்கப்பட்டது. 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டியது 2018 ஆகஸ்டில். வண்ணமில்லாத படிகளின் படத்தோடு ஒரு கட்டுரை இருந்தால் அதன் வயது அதிலேயே தெரிந்துவிடும். படி வழியில் இருக்கும் இருட்டுக்குகைச் சுற்றுலா இன்னும் பல பட்டியல்களில் 'தவறவிடக்கூடாதவை' என்று நிற்கிறது. அது 2019-ல் மூடப்பட்டது; இப்போது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். மேலே கோயிலுக்குக் கட்டணமில்லை.

இங்கே விடுமுறை நாட்காட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தைப்பூசம் 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. 'ஜனவரி கடைசி' என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை நம்பி விடுதி எடுத்தால் தேருக்கு முன்போ பின்போ வந்து நிற்பீர்கள். அந்த வாரத்தில் பத்துமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் அருகே சாலைகள் அடைக்கப்படும், ரயில் நேரம் மாற்றப்படும். தரிசனத்துக்கு வருகிறவர்களுக்கு அதுவே பாக்கியம். ஊர் சுற்ற மட்டும் வருகிறவர்கள் தள்ளிப்போடலாம். நோன்புப் பெருநாளோ பிறை பார்த்து உறுதியாவது, ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வேறு. ஜூலை 7 பினாங்கில் மட்டும் பொதுவிடுமுறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமான நாள். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. கெடாவில் இன்னும் வெள்ளி, சனிதான். பெட்ரோனாஸ் கோபுரத்தில் மேலேறும் சுற்றுலா திங்கட்கிழமை கிடையாது. கேஎல்லில் இருக்கும் ஒரே நாள் திங்கள் என்றால் திட்டத்தை இப்போதே மாற்றுங்கள்.

நாள் 4: வடக்கே

கேஎல் சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் சுமார் நான்கு மணி நேரம். 2015-ல் இந்த மின்ரயில் பட்டர்வொர்த் வரை வந்தபின் பழைய இரவு ரயில் குறிப்புகள் பயனற்றுப் போயின. டிக்கெட்டைக் கேடிஎம் செயலியிலேயே எடுக்கலாம், பாஸ்போர்ட் எண் கேட்கும். பள்ளி விடுமுறையிலும் பெருநாளிலும் இடம் விரைவாக நிரம்பிவிடும். இடைத்தரகுத் தளங்கள் காட்டும் நேரத்தை நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்யாதீர்கள். அட்டவணை மாறும்போது அவை பின்தங்கிவிடுகின்றன.

பேருந்தில் போகிறவர்கள் பழைய பேருந்து நிலையமான புடுராயாவைத் தேடி அலைய வேண்டாம். நெடுந்தூரப் பேருந்துகள் புறப்படும் முதன்மை நிலையம் 2011-ல் பண்டார் தாசிக் செலாத்தானில் திறந்த டிபிஎஸ். டிக்கெட்டில் 'பினாங்கு' என்று மட்டும் இருந்தால் எங்கே இறங்குவது என்று கேளுங்கள். பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரல் பெருநிலத்தில் இருக்கிறது. சுங்கை நிபோங் நிலையம் தீவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கடல்.

பட்டர்வொர்த்தில் ரயில், பேருந்து, ஃபெரி மூன்றும் பினாங்கு சென்ட்ரலால் இணைந்தவை. ஃபெரி பற்றிய தகவல்தான் இங்கே அதிகம் கெட்டுப்போயிருக்கிறது. கார்களை ஏற்றிக்கொண்டு போன பழைய இரண்டடுக்குக் கப்பல்களில் பயணிகள் சேவை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. கொஞ்ச காலம் விரைவுப் படகுகள் ஓடின. 2023 ஆகஸ்ட் முதல் நான்கு புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. நடந்து வருபவர், மோட்டார் சைக்கிள், மிதிவண்டி மட்டும் ஏறலாம். கார் ஏற்ற மாட்டார்கள். வாடகைக் காரோடு படித்துறைக்கு வந்தால் பாலத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். கையில் டச் அன் கோ அட்டையோ வங்கி அட்டையோ இருக்கட்டும்.

பினாங்கிலிருந்து லங்காவிக்கு நேர் ஃபெரி என்பது கொரோனா காலத்தில் நின்றுபோன சேவை. வழிகாட்டி நூல்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லங்காவி போக விமானம், அல்லது கோலா கெடா, கோலா பெர்லிஸ் படித்துறைகள்.

நாள் 5: ஜார்ஜ்டவுன்

விடுதிக் கவுண்டரில் 'ஏற்கெனவே முழுப்பணமும் கட்டிவிட்டேனே' என்ற வாக்குவாதம் தினமும் நடக்கிறது. கணக்கு இதுதான். வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். 2017 செப்டம்பரில் தொடங்கியது. கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் மறுபடி வசூலாகிறது. நிறுத்தியிருந்த காலத்தில் எழுதியவர்கள் 'வரி இல்லை' என்று எழுதியிருப்பார்கள். இதற்கு மேல் பினாங்கு மாநிலக் கட்டணம்: மூன்று நட்சத்திரம் வரை 2 ரிங்கிட், அதற்கு மேல் 3 ரிங்கிட். மூன்று நட்சத்திர விடுதியில் ஓர் அறையில் மூன்று இரவுக்கு 30, 6, ஆக 36 ரிங்கிட். வரி ஆளுக்கு அல்ல, அறைக்கு. சில முன்பதிவுத் தளங்கள் சுற்றுலா வரியை முன்னதாகவே வாங்கிவிடுகின்றன. ரசீதில் அந்த வரி தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதைக் காட்டுங்கள், இரண்டாம் முறை கட்ட வேண்டாம்.

அறை வாடகைக்குச் சேவை வரி 2024 மார்ச் முதல் 6-லிருந்து 8 விழுக்காடானது. 'விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம்' என்பது 2018-லேயே முடிந்த கதை, ரசீதுகளைச் சேர்த்துவைத்துப் பயனில்லை.

தெருப்பெயர் குழப்பம் ஜார்ஜ்டவுனுக்கே உரியது. பிட் ஸ்ட்ரீட் என்று பெரியவர்கள் சொல்வது பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். கிரீன் லேன் என்பது ஜாலான் மஸ்ஜித் நெகிரி. இரண்டு பெயரையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று. குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. நடுப்பகலில் நடை சாத்தும், வரைபடச் செயலி 'திறந்திருக்கிறது' என்று காட்டினாலும்.

கடைகளின் நேரத்துக்கு வரைபடச் செயலியில் 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, மதிப்புரையோடு வந்திருக்கும் விலைப்பலகைப் படங்களைப் பாருங்கள். படத்துக்குத் தேதி இருக்கும். நட்சத்திர எண்ணிக்கையைவிட அது உண்மையான தகவல்.

நாள் 6: கொடிமலை

கொடிமலை என்பது பினாங்கு ஹில். அதன் மலை ரயில் 2011-ல் மாற்றப்பட்டது. அதற்கு முன் பாதி வழியில் வண்டி மாற வேண்டும், ஏறவே அரைமணி. இப்போது ஒரே வண்டி, சில நிமிடங்கள். ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்திலிருந்து 204 பேருந்து அடிவார நிலையத்துக்குப் போகிறது. கட்டணத்தில் மைகாட் உள்ளவர், இல்லாதவர் வேறுபாடு இங்கே பெரியது. பராமரிப்புக்காகச் சில நாட்கள் முழுவதும் நிறுத்துவார்கள். அதிகாரபூர்வப் பக்கத்தில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். பினாங்கு வந்த பிறகு பார்ப்பது தாமதம், கேஎல்லில் இருக்கும்போதே பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

வானிலைக்கு 'நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம்' என்ற வாக்கியம் கிழக்குக் கரைக்கானது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம்; தைப்பூசக் காலத்தில் வெயில்.

நாள் 7: திரும்புதல்

2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நேர்சேவை தொடங்கியது. அதற்கு முன் எழுதியவர்கள் எல்லாரும் கோலாலம்பூர் வழியாகவே திரும்பச் சொல்லியிருப்பார்கள். விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறுகின்றன. அந்தத் தேதிகளைத் தாண்டி டிக்கெட் எடுத்திருந்தால் மாற்றத்துக்குப் பின் வாரத்தில் ஒருமுறை விமான நிறுவனப் பக்கத்தில் பாருங்கள். நேரம் மாறியதைச் சொல்லும் மின்னஞ்சல் முகவருக்குப் போய் அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். டிக்கெட்டில் உங்கள் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கிறதா என்று முதலிலேயே உறுதிசெய்யுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்த ஐந்து பத்தித் தாளை எடுத்து, கட்டிய உண்மை விலையைச் சிவப்பில் எழுதி, நீங்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் கட்டினீர்கள் என்பதையும் தேதியையும் போடுங்கள். அடுத்து வரப்போகும் பக்கத்து வீட்டாருக்கு அப்படியே கொடுக்கலாம்.